உறைபனிக்கு மறுநாள்

சமவெளியில் வசிக்கும் நேயர்களுக்குப் பனி என்றவுடன் மார்கழி அதிகாலையும் புல் நுனியில் தங்கிய நீர்த்துளியுமே நினைவுக்கு வரும். உதகமண்டலத்தில் வசிப்பவர்களோ அதனை நீர்ப்பனி என்று சொல்லி அலட்சியம் செய்துவிடுவார்கள். அவர்கள் அஞ்சுவது அதனை அடுத்து வரும் உறைபனிக்கே. மழை ஓய்ந்து, ஆகாயம் நிர்மலமாகி, காற்றும் அடங்கிய ஓர் இரவில் அது சந்தடியின்றி வந்துவிடுகிறது. காலையில் பார்த்தால் புல்தரையில் உப்பைக் கொட்டினாற்போல் வெண்மை. ஒன்பது மணிக்கு வெயில் ஏறியதும், நேற்று வரை தலை நிமிர்ந்து நின்ற டேலியாச் செடிகள் வெந்த கீரையைப் போல் கறுத்துத் தொங்குகின்றன.

பனி பொழிந்தது என்று பேசுவது வழக்கமாயினும், உறைபனி வானத்திலிருந்து பொழிவதன்று. பகலில் பூமி பெற்ற உஷ்ணம் இரவில் ஆகாயத்தை நோக்கிச் சென்றுவிடுகிறது. மேகம் இருந்தால் அது கம்பளிபோல் மூடிக் காக்கும். இல்லாவிடில் புல்லும் இலையும் காற்றைவிட அதிகமாகக் குளிர்ந்து, அவற்றின்மேல் படியும் ஈரம் உறைந்துவிடுகிறது. தாழ்வாரத்தில் மாட்டிய உஷ்ணமானி 3 அல்லது 4 டிகிரி காட்டும்போதே முற்றத்துப் புல் வெளுத்திருப்பது இதனாலேதான். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப் போலவே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஆகவே தலைகுந்தா போன்ற தாழ்ந்த இடங்கள் வெள்ளைப் பாய் விரித்துக் கிடக்க, மேட்டிலுள்ள வீட்டுத் தோட்டம் தப்பிவிடுவதும் உண்டு. ஒரே வீட்டில் கூரை இறவாரத்தின் கீழ் இருந்த தொட்டிச் செடி பிழைத்திருக்க, இரண்டு முழம் தள்ளித் திறந்த வெளியில் இருந்தது மாண்டிருக்கும்.

இனி, செடி கறுத்த அந்தக் காலையில் செய்ய வேண்டியது என்ன? பெரும்பாலும் ஒன்றும் இல்லை என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் சும்மா இருப்பது மனிதருக்கு எளிதில் கைகூடுகிறதா?

நாம் அறிந்த ஒரு சிறு வீட்டில், பென்ஷன் பெறும் உபாத்தியாயர் ஒருவரின் மனைவியார் பதினான்கு ஆண்டுகளாக டேலியாக் கிழங்குகளைப் பிரித்துப் பிரித்து நட்டு வளர்த்து வந்தார். உறைபனி விழுந்த மறுநாள், விருந்துக்கு வந்திருந்த மாப்பிள்ளை, மாமியாருக்கு உதவி செய்யும் நல்லெண்ணத்துடன், கறுத்தவற்றையெல்லாம் வேரோடு பிடுங்கிக் குப்பைக் குழியில் எறிந்துவிட்டார். மாப்பிள்ளையை யார் கண்டிப்பது? “உங்களுக்கு ஏன் இந்தச் சிரமம்?” என்றதோடு அம்மையார் நிறுத்திக்கொண்டார். அவர் ஊருக்குப் புறப்பட்ட பின்பு குழியில் இறங்கிக் கிழங்குகளைப் பொறுக்கினார். பாதிக்கு மேல் கழுத்து முறிந்திருந்தன. டேலியாவின் முளைக்கண் கிழங்கில் இல்லை. தண்டும் கிழங்கும் கூடும் கழுத்தில்தான் இருக்கிறது. அது போனபின் கிழங்கு எவ்வளவு பருமனாக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

டேலியாவை இங்கிலீஷ் பூ என்று எண்ணுகிறவர்கள் பலர். அதன் தாயகம் மெக்ஸிகோ நாட்டு மலைகள். 1789-ல் ஸ்பெயின் தலைநகரான மாட்ரிட் சென்று, 1791-ல் ஆண்டர்ஸ் டால் என்ற ஸ்வீடன் தேசத்துத் தாவர சாஸ்திரியின் பெயரைப் பெற்றது. 1963-ல் மெக்ஸிகோ அதனைத் தன் தேசிய மலராக்கிக் கொண்டது. குளிர் வந்ததும் மேலே மடிந்து, மண்ணுக்குள் கிழங்காக ஒடுங்கி, காலம் பார்த்து மீண்டும் முளைப்பது அதன் பரம்பரைக் குணம். ஆகவே கறுத்த தண்டை ஒரு வாரமோ பத்து நாளோ விட்டுவைத்து, பிறகு நாலைந்து அங்குலம் நிறுத்தி அறுத்து, கிழங்கைப் பக்குவமாகத் தோண்டி, நிழலில் உலர்த்தி, காய்ந்த மணலில் புதைத்து வைக்கலாம்.

ஜெரேனியத்தையும் பியூஷியாவையும் அவசரப்பட்டுக் கத்தரிக்கலாகாது. கருகிய கொம்புகள் அடியிலுள்ள உயிர்க்கொம்புக்குப் போர்வை. இப்போது வெட்டினால் இளந்துளிர் கிளம்பும். அடுத்த உறைபனி அதையும் தின்றுவிடும். மாசி கழியட்டும். நகத்தால் பட்டையைக் கீறினால் பச்சை தெரியும் இடம் வரைக்கும் உயிர் இருக்கிறது. நாஸ்டர்ஷியம் மட்டும் மீளாது. அதன் அடியில் உதிர்ந்த விதைகளைப் பொறுக்கிக்கொண்டு கொடியை எருக்குழிக்கு அனுப்பிவிடலாம். பான்ஸியும் காலெண்டுலாவும் காலையில் விறைத்துக் கிடந்து, பதினொரு மணிக்கு எதுவுமே நடவாததுபோல் நிமிர்ந்து நிற்கும். ரோஜாவின் முற்றிய கொம்புக்கும் இந்தக் குளிர் ஒரு பொருட்டன்று.

நீலகிரியின் சொந்த மரங்களுக்கும் இந்தச் சோதனை உண்டு. சோலைக்குள் குளிர் தெரியாமல் வளரும் மரக்கன்று, திறந்த புல்வெளியில் முளைத்தால் உறைபனியில் கருகுகிறது. சோலை புல்வெளியின்மேல் பரவாதிருக்க இது ஒரு காரணம் என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர்.

இனி வரும் இரவுகளுக்குக் கோணியும் பழைய வேஷ்டியும் போதும். 1848-ல் மக்ஐவர் பொறுப்பேற்ற அரசினர் தாவரவியல் பூங்காவிலேயே மலார்ச் செடிகளைக் கொண்டுதான் மலர்ப்பாத்திகளை மூடுகிறார்கள். குச்சிகளை நட்டு, துணி இலையைத் தொடாதபடி மாலையிலேயே மூட வேண்டும். மண் நனைந்திருந்தால் பகல் உஷ்ணத்தை அதிகமாகப் பிடித்து வைக்கும். ஆதலால் தண்ணீரை முற்பகலில் ஊற்றுவது நலம். வெயில் ஏறியதும் மூடியை எடுத்து உலர்த்திவிட வேண்டும். ஈரக் கோணியை மறுநாள் இரவும் போர்த்தினால் அதுவே உறைந்துவிடும்.