எந்தப் பல்கலைக்கழகத்துப் பட்டம்?

தமிழில் முதுகலை பயில விழையும் ஆசிரியர் ஒருவரிடம் முதற்கண் கேட்கத்தக்க வினா, "என்ன படித்திருக்கிறீர்?" என்பதாகும். நம் நாட்டில் கேட்கப்படுவதோ, "எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தீர்?" என்பது. முதல் வினாவுக்கு விடை காண, அவரை எதிரில் அமர்த்தி அரை நாள் உரையாட வேண்டும். இரண்டாவதற்கு ஒரு பட்டியலைப் புரட்டினாற் போதும். எளிய வினாவே நிலைபெற்றுவிட்டதில் வியப்பென்ன?

இவ்வினாவின் முன் திகைத்து நின்றவர்கள் யார்? பெரும்பாலோர் நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள். ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழோடு பணியிற் சேர்ந்தவர்கள். பட்டப் படிப்புக்கு உள்ளூரில் இடம் கிட்டாதவர்கள். மதுரையில் 1971இலும், அண்ணாமலையில் 1979இலும், சென்னையில் 1981இலும் தமிழகப் பல்கலைக்கழகங்கள் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியபோது, கடல் கடந்து ஒரு கதவு திறந்ததென மகிழ்ந்தவர்கள் இவர்கள். பகலெல்லாம் கிள்ளானில் வகுப்பெடுத்துவிட்டு, மாணவர் பயிற்சிநூல்களைத் திருத்தி முடித்த பின்னிரவில் நன்னூலையும் யாப்பருங்கலக்காரிகையையும் பயின்றவர்களைப் பொழுதுபோக்குக்காகப் படித்தோர் என்று எவரேனும் சொல்வாரா? ஆனால் அந்தப் பட்டத்தை ஏந்திக்கொண்டு முதுகலைக்குச் சென்றால், வாயிலிலேயே வழக்கு எழுகிறது.

வழக்கின் சிக்கலுக்கு ஒரு காரணம், 'அங்கீகாரம்' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று பொருள்கள் புகுந்துகொண்டதே. அரசுப் பணிக்கும் சம்பளப் படிக்கும் ஒரு பட்டம் ஏற்கப்படுவது ஒன்று. 2007ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தோன்றிய மலேசியத் தகுதி நிர்ணய அமைப்பாகிய எம்.கியூ.ஏ., அப்பட்டம் எந்நிலைக்கு நிகரானது என மதிப்பிடுவது மற்றொன்று. மேற்படிப்புக்கு இவரை ஏற்கலாமா எனப் பல்கலைக்கழகச் செனட் தீர்மானிப்பது மூன்றாவது. முதலாவதில் இடமில்லை என்பதைக் காட்டி மூன்றாவதையும் மறுப்பது முறையன்று. சம்பளப் படியை உயர்த்தக் கேட்பவர் வேறு. படிக்க இடம் கேட்பவர் வேறு.

மறுப்போர் பக்கம் நியாயமே இல்லையென நான் வாதிட வரவில்லை. இளங்கலையே பயிலாதோர்க்குத் திறந்தநிலைக் கல்வி வழியாக வழங்கப்பட்ட முதுகலைப் பட்டம் செல்லாது என்று, அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றமே 2009இல் தீர்ப்பளித்தது. அப்பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கான ஏற்பு 2014-15 கல்வியாண்டோடு முடிந்துவிட்டதென்றும், அதன்பின் அவற்றிற் சேர வேண்டா என்றும் 2022இல் இந்தியப் பல்கலைக்கழக மானியக்குழு பொது அறிவிப்பே வெளியிட்டது. பட்டம் வழங்கிய நாட்டிலேயே ஐயம் எழும்போது, ஈண்டுள்ளோர் தயங்குவதைக் குற்றமெனக் கூறவியலாது.

ஆயினும் அத்தயக்கம் எதுவரை செல்லலாம்? 1990களில் முறையாகப் பயின்று, தேர்வெழுதித் தேறிய ஆசிரியரை, 2015க்குப் பிந்திய குறைக்காகத் தண்டிப்பது எவ்வகை நீதி? பல்கலைக்கழகத்தின் பெயர் ஒன்றே. ஆனால் ஆண்டு வேறு, பாடத்திட்டம் வேறு, பயின்றவர் வேறு. இவற்றைப் பிரித்தறியும் உழைப்பைத் தவிர்ப்பதற்கே பட்டியல் உதவுகிறது.

மதிப்பெண் கணக்கிலும் இத்தகைய சோம்பலுக்கு இடமுண்டு. தமிழகத்தில் நூற்றுக்கு 60 பெற்றால் முதல் வகுப்பு. தமிழ்த்தாளில் அதனைப் பெறுவது எளிதன்று என்பதைத் தேர்வெழுதியோர் அறிவர். ஈண்டு ஆய்வுவழி முதுகலைக்கு வழக்கமாகக் கேட்கப்படும் சராசரிப் புள்ளி, 4.00இல் 2.75. அறுபதை நேர்வகுத்தலாக மாற்றிப் பார்ப்பவர்க்கு 2.40 தான் கிட்டும். முதல் வகுப்பில் தேறியவர் ஒரே பெருக்கலில் தகுதியற்றவராகிவிடுகிறார்! இலக்கணம் அறியாத கணக்கு இது என்பதன்றி வேறென் சொல்வது?

இன்னொரு முரணையும் பாருங்கள். முன்னனுபவத்தை மதிப்பிட்டுச் சேர்த்துக்கொள்ளும் ஏப்பல் என்னும் ஏற்பாடு நம் நாட்டில் உண்டு. முப்பது வயது நிறைந்து, எஸ்.டி.பி.எம். அல்லது டிப்ளோமா நிலைத் தகுதியும் பணியனுபவமும் உடையவர், மதிப்பீட்டில் தேறினால், இளங்கலைப் பட்டம் இல்லாமலே முதுகலை பயில வழி செய்கிறது அது. நல்ல ஏற்பாடு, வரவேற்கிறேன். ஆனால் பட்டமே இல்லாதவரைச் சோதித்து ஏற்கலாமெனில், அயல்நாட்டுத் தமிழ்ப் பட்டம் உடையவரைச் சோதித்துப் பார்க்கவும் மறுப்பதேன்?

மலாயாப் பல்கலைக்கழக இந்தியவியல் துறையின் வரலாற்றையேனும் நம்மவர் நினைத்துப் பார்க்கலாகாதா? 1961 முதல் 1969 வரை அத்துறையை நடத்திய தனிநாயகம் அடிகளார், ரோமாபுரியில் இறையியல் பயின்று பட்டம் பெற்றவர். அப்படிப்போடு 1945இல் அண்ணாமலை நகர் சென்று தமிழ் முதுகலை பயின்றார், அங்கேயே எம்.லிட். பட்டமும், பின்னர் இலண்டனில் முனைவர் பட்டமும் பெற்றார். முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை 1966இல் கோலாலம்பூரில் கூட்டிய பேரறிஞர் இவரே. இறையியலுக்கும் தமிழிலக்கியத்துக்கும் என்ன தொடர்பென்று கூறி அன்று அண்ணாமலை நகரில் கதவடைத்திருந்தால், லெம்பா பந்தாயில் அவர் நடத்திய துறை எவ்வாறு இருந்திருக்கும்?

மறுப்பதற்கும் ஒரு முறையுண்டு. சிங்கப்பூர் நன்யாங் பல்கலைக்கழகம் 1956இல் வகுப்புகளைத் தொடங்கியது. பிரெஸ்காட் தலைமையிலான குழு அதனை ஆராய்ந்து, அதன் பட்டங்களை ஏற்க இயலாதென 1959இல் அறிக்கை தந்தது. சிங்கப்பூர் அரசின் ஏற்பு 1968இல்தான் கிட்டியது. சீன சமூகத்தார்க்கு அவ்வறிக்கை கசந்தது. அதனோடு கடுமையாக முரண்பட்டனர். எனினும் பாடத்திட்டம், ஆசிரியர், நூலகம் என எதில் எது குறையெனக் கூறும் அச்சிட்ட அறிக்கை ஒன்று அவர்கள் கையில் இருந்தது. அதனை எதிர்த்து வாதிட முடிந்தது. நம் ஆசிரியருக்குக் கிட்டுவது, "தங்கள் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை" என்னும் ஒரு வரிக் கடிதம். ஒரு வரியோடு எவர்தாம் வாதிடுவர்?

நம்மவர் செய்யும் தவறும் ஒன்றுண்டு. கடிதம் வந்ததும் அரசியல்வாதி ஒருவரின் அலுவலகத்துக்கு மனுவோடு ஓடுவது. பரிந்துரையால் பெற்ற இடம், பெற்றவரையும் தாழ்த்தும்; அடுத்து வருபவருக்கும் பயன்படாது. தமிழுக்கு இழுக்கு என்று மேடையில் முழங்குவதாலும் ஒரு விண்ணப்பம்கூட மறுபரிசீலனை செய்யப்படுவதில்லை. கேட்க வேண்டியது சலுகையன்று, தேர்வு. இலக்கணம், இலக்கியம், ஆய்வுமுறை ஆகிய மூன்றிலும் தமிழிலேயே எழுதும் நுழைவுத்தேர்வு ஒன்றை, பாடத்திட்டத்தை முன்னரே வெளியிட்டு நடத்தட்டும். தேறாதவர் அமைதியாகத் திரும்பட்டும். மறுப்பாயின் காரணத்தை எழுத்தில் தரட்டும். மறு ஆய்வுக்கு இடம் வைக்கட்டும். இந்தியப் பல்கலைக்கழக மானியக்குழுவே அயல்நாட்டுத் தகுதிகளை நிகர்ப்படுத்த 2025 ஏப்ரலில் விதிகளை வெளியிட்டு, ஆராயும் குழு, முடிவுக்கான காலக்கெடு, மறு ஆய்வு ஆகிய மூன்றையும் எழுதி வைத்துள்ளது. அங்கே இயல்வது இங்கே இயலாதா?

இதுவரை மறுக்கப்பட்டோரின் கடிதங்களைத் திரட்டும் பணியை நம் எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் இவ்வாண்டே தொடங்கலாம். பெயரை மறைத்து, பட்டம் பெற்ற ஆண்டு, பயின்ற தாள்கள், விண்ணப்பித்த நாள், வந்த மறுமொழி ஆகியவற்றை வரிசைப்படுத்திச் செனட்டின் முன் வைத்தல் வேண்டும். அறுபது வயதில் ஓய்வு பெறப்போகும் ஆசிரியர் பலருக்கு, இன்னும் இரண்டோ மூன்றோ சேர்க்கைக் காலங்களே எஞ்சியுள்ளன.