மகள் வயித்துப் பேரனும் சோழன்தான்

"நாங்க ராஜராஜன் பரம்பரையாக்கும்!" சதயவிழா வந்தாலே வாட்ஸப்புல இது ஓடும். சரி, அந்தப் பரம்பரையைக் கொஞ்சம் பாப்போமா?

1905-ல கிடைச்ச திருவாலங்காட்டுச் செப்பேடு சோழ வம்சத்தைச் சூரியன்லேர்ந்து ஆரம்பிக்குது. (யார் போய்ப் பாத்தாங்க!) ஆனா 1070-ல அதிராஜேந்திரன் இறந்ததும் அப்பன்-மகன் வரிசை அறுந்துபோச்சு. அடுத்துப் பட்டத்துக்கு வந்தவர் முதலாம் குலோத்துங்கன். அப்பா வேங்கிச் சாளுக்கியர் ராஜராஜ நரேந்திரன், தெலுங்கு தேசம். அம்மா அம்மங்கை, ராஜேந்திர சோழன் பொண்ணு. அப்பாவைப் பெத்த குந்தவையும் ராஜராஜன் பொண்ணுதான். (வந்தியத்தேவனைக் கட்டின குந்தவை இல்லீங்க, அவங்க இவங்களுக்கு அத்தை.) சுமார் ஐம்பது வருஷம் ஆண்டார். அதுக்கப்புறமும் 1279 வரைக்கும் சோழ ஆட்சின்னுதான் சொல்றோம்.

இப்ப நம்ம கதை. ஊர்ல பங்காளிங்க வம்சாவளி புத்தகம் போடறாங்க. இங்க நீலசந்திராவுக்கு வந்த படிவத்துல மகனுக்கு மனைவி, பிள்ளைகள்னு வரிசையா கட்டம் இருக்கு. மகளுக்கு ஒரே கட்டம், பேரோட சரி. என் பொண்ணு கட்டினது தெலுங்குப் பையனை. தமிழும் தெலுங்கும் கலந்து பேசற என் பேரனுக்கு அதுல இடமே இல்லை. கேட்டா, "அது அவங்க வம்சம் அண்ணே"ங்கறாங்க.

இந்தக் கணக்குப்படி குலோத்துங்கனையும் கங்கைகொண்ட சோழபுரத்துலேர்ந்து வேங்கிக்கே திருப்பி அனுப்பணும். புத்தகம் அச்சுக்குப் போறதுக்குள்ள மகள்களுக்கும் கட்டம் போடுங்கப்பா. கூடுதல் செலவை நான் தர்றேன்.