ஆறு மாதத்தில் ஸ்கேன் படிப்பா?

வைகாசி விசாகத்துக்குத் திருத்தணியில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அரக்கோணத்திலிருந்து கூப்பிடு தூரம்தான். ஆனாலும் நாள் கிழமை என்று வந்தால்தான் நமக்கெல்லாம் வீட்டை விட்டுக் கிளம்ப முடிகிறது! வெயிலில் படியேறி, சாமி கும்பிட்டு இறங்கி, அப்பாடா என்று காலை நீட்டி உட்கார்ந்ததும் தங்கை ஒரு நோட்டீஸைக் கொண்டு வந்து என் மடியில் போட்டாள்.

"அக்கா, இதைப் படிச்சுப் பாரு. உன் பொண்ணா நினைச்சு ஒரு முடிவு சொல்லு."

வழவழப்பான தாள். வெள்ளைக் கோட்டு போட்ட பெண் ஒருத்தி அதில் சிரித்துக் கொண்டிருந்தாள். 'ஆறே மாதத்தில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் டெக்னீஷியன்! வேலை நிச்சயம்!' கட்டணத்தைப் பார்த்தேன். பிறகு தங்கையின் கையைப் பார்த்தேன். இரண்டு வளையல்கள் அடகுக் கடைக்குக் கிளம்பத் தயாராக இருப்பது புரிந்தது.

அவள் பெண் பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு எடுத்து நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். "வெளிநாட்டில எல்லாம் டெக்னீஷியனேதான் ஸ்கேன் பண்றாங்க பெரியம்மா" என்றாள், கண் பளபளக்க.

"பத்து நாள் பொறுங்க, விசாரிச்சுச் சொல்றேன்" என்று நோட்டீஸை மடித்துக் கைப்பையில் வைத்துக் கொண்டேன்.

எனக்குப் பித்தப்பையில் கல் இருப்பதால் எங்கள் ஊரில் ஸ்கேன் எடுக்கும் டாக்டரம்மாவிடம் பழக்கம் உண்டு. அவரிடமே போய் நோட்டீஸை நீட்டினேன். முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்று விட்டது. "இதை நம்பி எத்தனை வீட்டில் நகை போயிருக்கோ" என்றார்.

விஷயம் இதுதான். அமெரிக்கா, இங்கிலாந்து போன்ற நாடுகளில் 'சோனோகிராஃபர்' என்று தனிப் படிப்பு படித்தவர்கள் தாங்களே ஸ்கேன் எடுக்கிறார்கள். என் தங்கை மகள் சொன்னது பொய்யில்லை. ஆனால் நம் நாட்டில் கர்ப்பிணியின் வயிற்றில் ஸ்கேன் கருவியை வைப்பவர் தகுதி பெற்ற டாக்டராகத்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். வயிற்றில் இருப்பது பெண் என்று தெரிந்ததும் கலைத்து விடும் கொடுமையைத் தடுக்க 1994-ல் கொண்டு வந்த சட்டம் அது. 1996 முதல் நடைமுறைக்கு வந்தது. 2003-ல் இன்னும் கடுமையாக்கினார்கள்.

இதில் இன்னொரு வேடிக்கை. ஸ்கேனுக்கு ஆறு மாதப் பயிற்சி என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறது! 2014-ல் விதி போட்டிருக்கிறார்கள். ஆனால் அது எம்.பி.பி.எஸ். முடித்த டாக்டர்களுக்கு! பிளஸ் டூ முடித்த பெண்ணுக்கு அதே ஆறு மாதத்தைக் காட்டினால் நமக்கு எங்கே தெரியப் போகிறது?

"அப்படியானால் இந்தப் பிள்ளைகளுக்கு ஸ்கேன் அறையில் வேலையே கிடையாதா?" என்று கேட்டேன். டாக்டரம்மா என்னை உள்ளே அழைத்துப் போய், அங்கே வேலை செய்யும் பெண்ணைக் காட்டினார். அரை மணி நேரம் ஓரமாக நின்று பார்த்தேன்.

கருவியின் நுனியில் இருக்கும் படிகங்களிலிருந்து ஓர் ஒலி புறப்படுகிறதாம். நம் காது விநாடிக்கு 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். இதுவோ லட்சக்கணக்கில் அதிர்கிறது. உள்ளே போய் முட்டித் திரும்பும் எதிரொலிதான் திரையில் படமாகிறது. நடுவில் துளி காற்று இருந்தாலும் ஒலி அங்கேயே திரும்பி விடும். வயிற்றில் சில்லென்று ஒரு பசையைத் தடவுவது அதற்காகத்தான். 'தண்ணீர் குடித்துவிட்டு, ஒன்றுக்குப் போகாமல் அடக்கிக் கொண்டு வாருங்கள்' என்று நம்மைப் படுத்துவதும் காரணமாகத்தான். நிறைந்த நீர்ப்பை காற்று நிறைந்த குடலை ஒதுக்கி, உள்ளே பார்க்க ஜன்னல் போல வழி விடுகிறது. பித்தப்பை பார்க்க வேண்டுமானால் வெறும் வயிறு. யாருக்கு எது என்று சொல்லி, சரியாக வந்திருக்கிறார்களா என்று பார்ப்பது அந்தப் பெண்ணின் வேலை. டாக்டர் சொல்லச் சொல்ல அளவுகளைக் குறிப்பது, ஒவ்வொருவருக்கும் பிறகு கருவியைப் பதமாகத் துடைப்பது, கர்ப்பிணியாக இருந்தால் 'எஃப்' படிவம் எழுதிக் கையெழுத்து வாங்குவது, அந்தக் காகிதங்களை இரண்டு வருஷம் பத்திரப்படுத்துவது... கை ஓயவே இல்லை.

இந்த ஸ்கேனுக்கு அப்படி ஒன்றும் வயதாகி விடவில்லை. கிளாஸ்கோ நகரத்தில் இயான் டொனால்ட் என்ற மகப்பேறு டாக்டர், கப்பலிலும் தொழிற்சாலையிலும் பயன்பட்ட எதிரொலி முறையை வயிற்றுக்குக் கொண்டு வந்து 1958-ல் கட்டுரை எழுதினார். குணமாகாத புற்றுநோய் என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணுக்கு இருந்தது சூலகத்தில் நீர்க்கட்டிதான் என்று அவர் கருவி காட்டிக் கொடுத்தது. கட்டியை எடுத்ததும் அவள் பிழைத்துக் கொண்டாள். முதலில் ஒரு பெண்ணைக் காப்பாற்றிய கருவியைத்தான் பிறகு பெண் சிசுவை அழிக்கப் பயன்படுத்தினார்கள் என்று நினைக்கும்போது வயிறு எரிகிறது.

எனக்கு 2006-ஆம் வருஷம் நினைவுக்கு வந்தது. மூத்தவள் பெண். இரண்டாவது வயிற்றில். ஸ்கேன் முடிந்து நான் புடவையைச் சரி செய்து கொண்டிருந்தபோது, என் மாமியார் அங்கிருந்த பெண்ணின் கையில் நூறு ரூபாய் நோட்டைத் திணித்து, "காதுல மட்டும் சொல்லு தாயி, என்ன குழந்தை?" என்றார். எனக்கு நெஞ்சு நின்று விட்டது. சொல்லி விட்டால் வீட்டில் என்ன நடக்குமோ! அந்தப் பெண்ணுக்கு இருபது, இருபத்திரண்டு வயசுதான் இருக்கும். நோட்டை மாமியாரின் சுருக்குப் பையிலேயே திரும்ப வைத்து, சுவரில் இருந்த பலகையைக் காட்டினாள். "சொன்னா எனக்கும் ஜெயில், கேட்டதுக்கு உங்களுக்கும் ஜெயில் பாட்டி. இந்தக் காசுக்கு அக்காவுக்குப் பழம் வாங்கிக் குடுங்க."

பழம் வாங்கிக் கொடுத்தாரா என்று கேட்காதீர்கள். பிறந்தது பெண்தான். இன்று அத்தைக்கு வேளை தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுப்பவள் அவள்தான்.

இந்த வேலைக்கு முறையான வழி எது என்றும் கேட்டுக் கொண்டேன். ஸ்கேனுக்கு மட்டும் என்று குறுகிய படிப்பைத் தேடாமல், எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. எல்லாம் சேர்த்துக் கற்றுத் தரும் ரேடியோகிராஃபி படிப்பில் சேர வேண்டும். இரண்டு வருஷ டிப்ளமா உண்டு. பி.எஸ்ஸி. என்றால் மூன்று வருஷப் படிப்பும் ஒரு வருஷ ஆஸ்பத்திரிப் பயிற்சியும். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். அரசு இடங்களுக்கு மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழுவுக்கு விண்ணப்பம் போட வேண்டும். நம் பக்கத்தில் வேலூர் சி.எம்.சி.யில் இந்தப் படிப்பு இருக்கிறது. சென்னையில் 1934-ல் தொடங்கிய பர்னார்டு கதிரியக்க நிலையம் இருப்பது பெரிய ஆஸ்பத்திரி வளாகத்தில். சென்ட்ரலில் ரயிலை விட்டு இறங்கினால் எதிரே நடந்தே போய் விடலாம்.

"எக்ஸ்ரே அறையா? கல்யாணமாகாத பொண்ணாச்சே, கதிர் பட்டா என்ன ஆகிறது?" என்று தங்கை பயந்தாள். ஸ்கேனில் அந்தக் கதிர் கிடையாது. எக்ஸ்ரேயில் உண்டு; அதனால் ஈயத் தடுப்புக்குப் பின்னால்தான் நிற்பார்கள். சட்டையில் ஒரு சிறு பட்டை குத்தி, எவ்வளவு கதிர் பட்டது என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்குப் பார்க்கிறார்கள். அடுப்படியில் நமக்கு யார் கணக்குப் பார்த்தார்கள், சொல்லுங்கள்!

நோட்டீஸில் இருந்த எண்ணுக்கு நானே போன் போட்டேன். "உங்க சான்றிதழ் எந்தப் பல்கலைக்கழகத்தோடது? படிச்ச பொண்ணு கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுக்கலாம்னு எழுதிக் குடுப்பீங்களா? பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில?" என்று மூன்றே கேள்விகள்தான் கேட்டேன். முதல் கேள்விக்கு "நேர்ல வாங்க மேடம்" என்றார்கள். இரண்டாவதுக்கும் அதே பதில். மூன்றாவதைக் கேட்பதற்குள் இணைப்பு போய் விட்டது.

தங்கை மகள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டிருந்தாள். "ஆறு மாசம் எங்கே, நாலு வருஷம் எங்கே பெரியம்மா!" என்று அழுகை வேறு. மூன்றாம் நாள் அவளே விண்ணப்பத்தை நிரப்பி, டிப்ளமா, பி.எஸ்ஸி. இரண்டுக்கும் போட்டு விட்டாள். தரவரிசைப் பட்டியல் இன்னும் வரவில்லை. தங்கை தினம் சாயங்காலம் போன் செய்து, "வந்துடுச்சாக்கா?" என்று என்னைக் கேட்கிறாள், நான்தான் பட்டியல் போடுகிற மாதிரி.