லூபஸ் நோயாளியின் சிறுநீரகம்: முன்கூட்டியே சொல்ல முடியுமா?

ஒருவருக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது என்று கேள்விப்பட்டால் நம் வீடுகளில் எழும் அடுத்த கேள்வி, "இனிப்பு நீர் எத்தனை வருஷமா இருக்கு?" என்பதுதான். அது நியாயமான கேள்வி. மலேசியாவில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குவோரில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு நீரிழிவே காரணம். ஆனால் இருபது வயதைத் தாண்டிய, இனிப்பு நீர் இல்லாத, பிரஷர் இல்லாத ஒரு பெண்ணும் அதே டயாலிசிஸ் நாற்காலிக்கு வந்து சேரலாம். அதற்கான காரணங்களில் ஒன்று லூபஸ். ஆண்டுதோறும் மே 10 உலக லூபஸ் தினம். பினாங்கில் நம் சமூகத்தில் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்களே குறைவு.

கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் தற்காப்புப் படை, சொந்த உறுப்புகளையே எதிரியாக நினைத்துத் தாக்குவதுதான் லூபஸ். மருத்துவமனைகளில் இதை எஸ்எல்இ என்பார்கள். பாதிக்கப்படுவோரில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். அதிலும் பிள்ளை பெறும் வயதில் உள்ளவர்களே அதிகம். மூட்டுவலி, முடி கொட்டுதல், கன்னங்களில் வண்ணத்துப்பூச்சி வடிவில் சிவப்பு, காரணமில்லாத சோர்வு என்று இது தலைகாட்டும். அமெரிக்கப் பாடகி செலினா கோமஸுக்கு 2017-இல் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்ததும் இந்த நோயால்தான். அப்போது அவருக்கு ஏறக்குறைய 25 வயதுதான்.

லூபஸ் உள்ள பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது. வெள்ளையர்களைவிட ஆசியர்களுக்கு இது அதிகம். பெரும்பாலும் நோய் கண்டறியப்பட்ட முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் வந்துவிடும். தொல்லை என்னவென்றால், வலியே இருக்காது. கால் வீங்கி, சிறுநீர் சோப்புத் தண்ணீர்போல் நுரைத்து, பிரஷர் ஏறிய பிறகுதான் பலருக்குத் தெரிய வருகிறது. அதற்குள் வடிகட்டிகளில் ஒரு பகுதி தழும்பாகியிருக்கும். தழும்பான இடம் திரும்புவதில்லை.

அப்படியானால் யாருக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? ஓரளவுக்கு முடியும். இளவயதில் லூபஸ் வந்தவர்களுக்கு ஆபத்து கூடுதல். ஆண்களுக்கு இந்த நோய் அரிது. வந்தால் சிறுநீரகம் பாதிக்கும் வாய்ப்பு அதிகம். இரத்தத்தில் மரபணு இழைக்கு எதிரான எதிர்ப்புப் புரதம் ஏறுவதும், சி3, சி4 என்ற இரண்டு புரதங்கள் இறங்குவதும் எச்சரிக்கை மணி. ஆனால் இந்த மணி சில நேரம் பொய்யாகவும் அடிக்கும். இரத்த முடிவுகள் ஆண்டுக்கணக்கில் மோசமாகவே இருந்தும் சிறுநீரகம் நன்றாக இயங்கும் நோயாளிகள் இருக்கிறார்கள். அதனால் மருத்துவர்கள் கடைசியில் நம்புவது ஒரு புட்டிச் சிறுநீரைத்தான். நாளொன்றுக்கு அரை கிராமுக்கு மேல் புரதம் கசிவது உறுதியானால், சிறுநீரகத்திலிருந்து ஊசியால் சிறு துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பாதிப்பை ஆறு வகைகளாகப் பிரிக்கும் முறை உலகெங்கும் நடைமுறையில் உள்ளது. மூன்றாம், நான்காம் வகை என்றால் உடனே கடுமையான சிகிச்சை தேவை.

சிகிச்சை தொடங்கிய பிறகும் ஒரு முன்கணிப்பு உண்டு. எனக்கு மிகப் பயனுள்ளதாகப் படுவது அதுதான். ஐரோப்பாவில் நடந்த இரண்டு ஆய்வுகளில் நோயாளிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். பன்னிரண்டாவது மாதத்தில் கசியும் புரதம் நாளொன்றுக்கு 0.7 அல்லது 0.8 கிராமுக்குக் கீழே வந்தவர்களில் பெரும்பாலோருக்குச் சிறுநீரகம் நெடுங்காலம் தாக்குப்பிடித்தது. விலையுயர்ந்த மரபணுச் சோதனை எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. வட்டார மருத்துவமனை ஆய்வுக்கூடமே செய்யக்கூடிய சோதனை.

இதில் பினாங்குக்கும் ஒரு பங்கு இருக்கிறது. பினாங்கு மருத்துவமனையின் டாக்டர் ஓங் லோக் மெங் முதன்மை ஆசிரியராக இருந்து 2005-இல் வெளியிட்ட ஆய்வில், எட்டு மையங்களைச் சேர்ந்த 44 பேர் இடம்பெற்றனர். எல்லாரும் புதிதாகச் சிறுநீரக லூபஸ் கண்டறியப்பட்டவர்கள். ஒரு பிரிவுக்கு மாதந்தோறும் சைக்ளோபாஸ்பமைட் ஊசி, மறு பிரிவுக்கு மைக்கோபினோலேட் மாத்திரை. ஆறு மாத முடிவில் ஊசி பெற்ற 25 பேரில் 13 பேருக்கும், மாத்திரை சாப்பிட்ட 19 பேரில் 11 பேருக்கும் நோய் தணிந்தது. எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் சைக்ளோபாஸ்பமைட் அளவு கூடினால் கருத்தரிக்கும் திறனையே பறிக்கக்கூடியது. கல்யாண வயதில் இருக்கும் பெண்ணுக்கு, மாத்திரையும் ஏறக்குறைய அதே பலனைத் தரும் என்பது சாதாரணச் செய்தியல்ல.

இப்போது எல்லாரும் செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசுகிறார்கள். யாருக்குச் சிறுநீரகம் பாதிக்கும் என்று மருத்துவப் பதிவுகளிலிருந்து கணிக்கும் கணினி மாதிரிகள் பல நாடுகளில் உருவாகி வருகின்றன. நல்ல முயற்சிதான். ஆனால் அவை எந்த மக்களின் பதிவுகளைப் படித்துக் கற்றன என்பதை நாம் கேட்டாக வேண்டும். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் 539 லூபஸ் நோயாளிகளை ஆராய்ந்து 1997-இல் வெளியான கட்டுரை, மூன்று இனங்களில் சீனர்களிடம் இந்த நோய் அதிகம், இந்தியர்களிடம் குறைவு என்று காட்டியது. கேட்க ஆறுதலாக இருக்கும். ஆனால் குறைவு என்பதற்கு இரண்டு விளைவுகள் உண்டு. நம் குடும்பங்களுக்கு இந்த நோய் அறிமுகமே இல்லாமல் போகிறது. நாளை உள்நாட்டுப் பதிவுகளை வைத்துக் கணினி மாதிரி உருவாக்கினாலும், அதில் இந்தியர்களின் எண்ணிக்கை மிகச் சிறியதாக இருக்கும். அந்த மாதிரி நமக்குச் சரியாகக் கணிக்குமா என்று தனியே சோதிக்காமல் அதை நம்ப முடியாது.

என் பார்வையில், கணிப்பு தோற்கும் இடம் ஆய்வுக்கூடம் அல்ல, தவறிப்போகும் மருத்துவமனைத் தேதி. பாயான் லெப்பாஸிலோ பிறையிலோ தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்யும் பெண், மூன்று மாதத்துக்கு ஒருமுறை விடுப்பு கேட்டு நிற்க வேண்டும். அரசாங்க மருத்துவமனைக் கட்டணம் குடிமக்களுக்குச் சில ரிங்கிட்தான். ஆனால் போகிற நாளின் சம்பளமும் ஓவர்டைமும் அந்தக் கணக்கில் வருவதில்லை. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று ஒரு தேதி தவறும், அப்புறம் இன்னொன்று. மருத்துவமனையும் தவறியவர்களைத் தேடிப் பிடிப்பது கடினம். ஒரு தாதி தொலைபேசியில் அழைத்து, "ஏன் வரலை?" என்று கேட்டாலே பல சிறுநீரகங்கள் தப்பும் என்று தோன்றுகிறது. நவீனக் கணிப்பு மாதிரிகளுக்குச் செலவிடுவதற்கு முன் இதற்குச் செலவிடலாம்.

மாத்திரை விஷயத்திலும் இதே கதைதான். ஹைட்ராக்சிகுளோரோகுவின் லூபஸ் மீண்டும் சீறாமல் தடுக்கும் அடிப்படை மருந்து. விலையும் அதிகமில்லை. கண்ணுக்குக் கெடுதல் என்று யாரோ சொன்னதால் நிறுத்திவிடுகிறார்கள். நாளொன்றுக்கு உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்ற அளவைத் தாண்டாமல், கண் பரிசோதனையும் செய்துவந்தால் அந்த ஆபத்து குறைவு. அதை நிறுத்திய கையோடு மூட்டுவலிக்குக் கடையில் வலி மாத்திரை வாங்குவதுதான் பெரிய கேடு. அவற்றில் பல சிறுநீரகத்தையே பதம் பார்ப்பவை. சந்தையில் விற்கும் சில ஜாமு, மூலிகைப் பொருள்களில் ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. அவற்றைச் சாப்பிட்டால் வலி மறையும், முகம் உப்பும், நோய் உள்ளே வளரும்.

கோயில் மண்டபங்களில் நடக்கும் மருத்துவ முகாம்களில் சர்க்கரையும் பிரஷரும் பார்க்கிறார்கள். அங்கே லூபஸைத் தேடச் சொல்லவில்லை. ஆனால் சிறுநீரில் புரதம் பார்க்கும் காகிதப் பட்டையையும் சேர்த்துக்கொண்டால் இனிப்பு நீர்க்காரர்களுக்கும் அது உதவும்.

கல்யாணம் பேசும்போது நோயை மறைக்கும் வழக்கம் இதில் இன்னும் ஆபத்தானது. மைக்கோபினோலேட் கருவைச் சிதைக்கக்கூடியது. கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஆறு வாரங்களுக்கு முன்பே மருத்துவர் அதை மாற்றித் தர வேண்டும். நோய் ஆறு மாதமாவது அடங்கியிருக்க வேண்டும். அதுவரை நம்பகமான கருத்தடையும் தேவை. கணவருக்கே தெரியாமல் மாத்திரை சாப்பிடும் பெண் இதையெல்லாம் எப்படித் திட்டமிடுவார்? ஆகவே மாப்பிள்ளை வீட்டாருக்கு முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நல்லது. மருத்துவர் தரும் அடுத்த தேதிக்கு அவரும் கூடவே வரட்டும்.