லொடலொட ஒலியும் தேடற்கூலியும்

பழைய வண்டி வாங்கியவரிடம், அது எப்படி ஓடுகிறது என்று கேட்டுப் பாருங்கள். "நன்றாகத்தான் ஓடுகிறது, ஒரு சத்தம் மட்டும் வருகிறது" என்பார். எங்கிருந்து வருகிறது என்றால் முன்பக்கம் என்பார். அருகில் நிற்கும் தம்பி பின்பக்கம் என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. தகட்டால் ஆன கூட்டுக்குள் ஒலி ஓரிடத்தில் பிறக்கும், வேறோரிடத்தில் கேட்கும்.

வேறு ஊரில் இது சிறு தொல்லை. அந்தமானில் அப்படி இல்லை. போர்ட் பிளேர் என்று நாம் அறிந்த நகர் 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. ஆனால், சென்னைக்கும் அதற்கும் இடையிலுள்ள ஏறத்தாழ 1,200 கி.மீ. கடல் குறையவில்லை. கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள் பயணம். இங்குக் கிடைக்காத உறுப்பு ஒன்று வேண்டுமென்றால், சென்னைப் புதுப்பேட்டையில் தேடி வாங்கி அனுப்ப ஓர் உறவினர் வேண்டும். அவருக்கு ஓய்வும் வேண்டும். அதற்குள் உப்புக் காற்றும், ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மி.மீ. பெய்யும் மழையும் மற்றோர் ஆணியை அரித்திருக்கும். தாய்நிலத்திலிருந்து கொண்டுவந்த வண்டி 12 மாதத்திற்கு மேல் இங்குத் தங்கினால் புதுப் பதிவெண் பெற வேண்டும் என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். அதற்குரிய தாள்களையெல்லாம் கண்ணும் கருத்துமாகப் பார்த்து வாங்குகிறோம். வண்டியின் ஒலியை யார் கேட்டு வாங்குகிறோம்?

பிறகு பட்டறைக்காரரைக் குறை கூறுகிறோம். "ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போகிறார், சத்தம் மட்டும் போகவில்லை" என்கிறோம். உண்மையாகவே இருக்கலாம். ஆனால், அவரை அப்படிச் செய்ய வைத்தவர் யார்? புதிய ஷாக் அப்சார்பருக்குச் சீட்டில் எழுதிய விலையை முணுமுணுக்காமல் கொடுக்கிறோம். "இரண்டு மணி நேரம் தேடினேன், தளர்ந்திருந்த ஒரு போல்ட்டை முடுக்கினேன், தேடியதற்குக் கூலி கொடுங்கள்" என்று அவர் கேட்டால், "ஒரு போல்ட்டுக்கா இவ்வளவு?" என்று முகம் சுளிக்கிறோம். பொருளுக்கு விலை உண்டு, அறிவுக்கு விலை இல்லை என்று நாமே சொல்லிக் கொடுத்துவிட்டு, அவர் பொருளை மாற்றுகிறார் என்று வருந்துவது என்ன நியாயம்?

மருத்துவர் மார்பில் குழலை வைத்துக் கேட்டு, "ஒன்றுமில்லை" என்றால் மகிழ்ச்சியோடு கட்டணம் தருகிறோம். அந்தக் குழலின் தொடக்கம் எளிமையானது. 1816இல் பாரிசில் லென்னக் என்னும் மருத்துவர் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். நீண்ட ஸ்குரூடிரைவரின் முனையை எஞ்சினில் ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் வைத்துக் கேட்கும் மெக்கானிக் செய்வதும் அதே கலைதான். ஒருவருக்குக் கட்டணம், மற்றவருக்குப் பேரம்!

நம் பங்கு ஒன்று உண்டு. பட்டறையில் நிற்கும் வண்டி பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. அந்த ஒலியை நாள்தோறும் சாலையில் கேட்பவர் வண்டிக்காரர். ஆகவே, சாட்சி சொல்ல வேண்டியவர் அவரே. "என்னவோ சத்தம்" என்பது சாட்சியம் ஆகாது.

முதலில் வண்டியைக் காலி செய்யுங்கள். கதவுப் பையில் கிடக்கும் காசு, இருக்கைக்கு அடியில் உருளும் புட்டி, ஜாக்கி, ஸ்பேனர், ஸ்டெப்னி எல்லாம் வெளியே வரட்டும். (ஸ்டெப்னி என்பது வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரில் ஒரு தெருவின் பெயர், 1904இல் அங்கே தோன்றிய மாற்றுச் சக்கரம் தெருவின் பெயரோடு நம் நாட்டிலும் தங்கிவிட்டது.) பாதி வண்டிகளின் மர்மம் இங்கேயே தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம். அடுத்து, சக்கர நட்டுகள் இறுக்கமாக உள்ளனவா என்று பாருங்கள். இதை நாளைக்கு என்று தள்ளக் கூடாது.

பிறகு ஒருவர் ஓட்ட, ஒருவர் கேட்க வேண்டும். வண்டி நிற்கும்போதே எஞ்சின் வேகம் ஏற ஏறத் தகடு அதிர்வதுபோல் ஒலித்தால், சைலன்சர் குழாயை ஒட்டிய வெப்பத் தடுப்புத் தகட்டின் மேல் ஐயங்கொள்ளலாம். உப்புக் காற்று அதன் போல்ட்டுகளைத்தான் விரும்பித் தின்னும். குழாய் நன்றாக ஆறியபின் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். பல வேளைகளில் ஒரு கிளாம்ப் போதும். மேடுபள்ளத்தில் வரும் ஒலி, பிரேக்கை மெல்ல மிதித்தவுடன் அடங்கினால் பிரேக் பேடுகளைப் பாருங்கள். இரு சக்கரமும் ஒருசேர வேகத்தடையில் ஏறும்போது அமைதி, ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கும்போது லொடலொட என்றால் ஸ்டெபிலைசர் லிங்க் தேய்ந்திருக்கக்கூடும். வளைவில் மட்டும் 'டக் டக்' என்றால் அது வேறு கதை; சக்கரத்துக்கு விசை தரும் தண்டின் மூட்டைப் பட்டறையில் காட்ட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பது வீரம் அன்று, அதைச் செய்யாதீர்கள்.

இவ்வளவும் எதற்கு, வானொலியை உரக்க வைத்தால் சத்தம் கேட்காதே என்று சொல்லும் நண்பர்களும் இருக்கிறார்கள். அவர்கள் அந்தமான் நெடுஞ்சாலையில் வடக்கே செல்பவர்களாயின் ஒன்றை எண்ணிப் பார்க்கட்டும். ஜிர்க்காடாங்கிலிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் வரை ஏறத்தாழ 50 கி.மீ. சாலை ஜாரவா மக்களின் காட்டைக் கடந்து செல்கிறது. 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு விதிகள் காக்கும் நிலம் அது. வண்டிகள் காவலோடு அணியாகப் போக வேண்டும். 40 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது, முந்தக் கூடாது, வழியில் நிற்கக் கூடாது. "ஏதோ சத்தம் வலுக்கிறதே" என்று இறங்கிக் குனிந்து பார்க்க அங்கே இடமில்லை. நம் வண்டி பழுதாகி நின்றால் அணி முழுதும் தடுமாறும். அழையாத விருந்தினராய் மற்றவர் வீட்டுக்குள் நின்றவர்களும் ஆவோம். அந்த ஒலியைத் தேட வேண்டிய இடம் ஜிர்க்காடாங்குக்கு இப்பால்.

ஆகவே, விடுமுறைக்கு வீடு செல்லும் தோழர்கள் ஒரு தாளை எடுத்து, எந்த வேகத்தில், எத்தகைய சாலையில், பிரேக் மிதித்தபோதா, திரும்பியபோதா என்று நான்கு வரி எழுதட்டும். பட்டறைக்குச் சென்றதும், "தேடுவதற்குக் கூலி இவ்வளவு, பொருள் தேவைப்பட்டால் அது தனி" என்று அண்ணாச்சியிடம் முன்னதாகவே பேசிக்கொள்ளட்டும். பிறகு அவரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, ஒலி வருகிற அதே சாலையில் ஒருமுறை ஓட்டிக் காட்டட்டும்.