மந்தத்திற்குப் பின் நம் வாழ்க்கைத் தரம்

நாட்டின் பொருளாதாரம் தளரும்போதெல்லாம், “இனி நம் வாழ்க்கைத் தரம் தாழ்ந்துவிடுமோ?” என்னும் அச்சம் அங்கத்தினர் இல்லங்கள்தோறும் எழுவது இயல்பே. தறியில் ஒரு பாவு தீர்ந்து, அடுத்த பாவு எப்போது கிடைக்கும் என்று காத்திருக்கும் நெசவாளருக்கும், விளைந்ததை வாங்குவாரின்றித் திகைக்கும் உழவருக்கும் இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. மந்தம் என்பது பருவத்தைப் போல் வரும், போகும். பின்னர் யாவும் பழைய நிலையை எய்தும் என்று ஆறுதல் கூறுவோர் உண்டு. நாட்டின் மொத்தக் கணக்கிற்கு இது பொருந்தலாம். ஏழைக் குடும்பத்தின் கணக்கிற்குப் பொருந்துவதில்லை என்பதே நமது கருத்து.

அண்மைக்கால அனுபவத்தையே நோக்குவோம். பெருந்தொற்றால் ஊரடங்கு நிலவிய 2020 ஏப்ரல்–ஜூன் காலாண்டில், நாட்டின் மொத்த உற்பத்தி முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிட 23.9 சதவிகிதம் குறைந்ததாக அரசின் முதல் மதிப்பீடு கூறிற்று. 2021-22-ஆம் நிதியாண்டிற்குள் உற்பத்தி பழைய அளவைக் கடந்துவிட்டது. கணக்கேடு நிமிர்ந்தது, வீடு நிமிர்ந்ததா?

நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அந்த அடி, ஆறாத புண்ணின் மேல் விழுந்த அடியாகும். 2018 நவம்பர் 16-ஆம் நாள் வீசிய கஜா புயல், ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பகுதிகளில் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. நெட்டைத் தென்னை நட்டு, அது காய்ப்புக்கு வர ஐந்தாறு ஆண்டுகளேனும் வேண்டும். புயலுக்குப் பின் நட்ட கன்று இடுப்பளவு உயரும் முன்பே, பதினாறு திங்களில், ஊரடங்கு வந்து சந்தைகளை மூடிற்று. பறித்த பூவைக் கொள்வாரில்லை. தென்னை தந்த வருமானம் போய், பூவை நம்பியிருந்த குடும்பத்திற்கு அதுவும் போயிற்று.

நெசவாளர் நிலை இதனினும் இரங்கத்தக்கது. 2019-20-இல் வெளியான நான்காம் அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நெசவுக் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் திங்களுக்கு 5,000 ரூபாய்க்கும் குறைவாகவே ஈட்டினர். இது தொற்றுக்கு முந்தைய நிலை. பின்னர் நாடு மீண்டதாகக் கூறப்பட்ட 2022 மே மாதத்திலோ, 356 கிலோ கொண்ட ஒரு கண்டிப் பருத்தியின் விலை ஒரு இலட்சம் ரூபாயைத் தாண்டிற்று. மந்தத்தில் துணிக்கு விலையில்லை; மீட்சியில் நூல் விலை தாங்கவில்லை. ஆக இரு காலத்திலும் இடிபட்டவர் நெசவாளரே.

இது புதிய கதையன்று. 1929-க்குப் பின் உலகெங்கும் பரவிய பெருமந்தத்தில், நம் பக்கத்து நெல் விலை சில ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. புதுக்கோட்டை அன்று தனிச் சமஸ்தானம். ஆயினும் விலைச் சரிவிற்கு எல்லைக்கல் ஏது? நெல்லின் விலை பாதியாயிற்று. வாங்கிய கடனோ பாதியாகவில்லை. அதனை அடைக்க வீட்டுப் பெண்டிரின் நகைகள் விலைக்குச் சென்றன. 1931-க்குப் பின் இந்தியாவிலிருந்து பெருமளவில் தங்கம் ஏற்றுமதியானதன் பின்னே இத்தகைய எண்ணற்ற குடும்பங்களின் கண்ணீர் இருந்தது. விலைகள் பிற்காலத்தில் ஏறின. விற்ற நகை திரும்பவில்லை.

1952-இல் துணி விலை சரிந்து தறிகள் நின்றபோது, நெசவாளர்கள் கஞ்சித் தொட்டிகளை நாடும் நிலை வந்தது. கரை வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கே ஒதுக்குமாறு இராஜாஜியின் அரசு மத்திய அரசை வற்புறுத்திற்று. 1953-இல் அறிஞர் அண்ணா, கைத்தறித் துணிகளைச் சுமந்து திருச்சி வீதிகளில் விற்றார். அரசியலில் எதிரெதிர் நின்றோரும் ஒன்றை உணர்ந்திருந்தனர்: கஞ்சி உயிரைக் காக்கும்; துணிக்குக் கிடைக்கும் விலையே தறியைக் காக்கும்.

இவற்றினின்று நாம் பெறும் பாடம் யாது? வருமானம் சில திங்கள் குறைவதால் மட்டும் வாழ்க்கைத் தரம் நிலையாகத் தாழ்வதில்லை. அத்திங்கள்களைக் கடக்க ஒரு குடும்பம் எதனை விற்கிறது, எதனைக் கைவிடுகிறது என்பதே அதனைத் தீர்மானிக்கிறது. கறவை மாட்டை விற்றவர், நல்ல காலம் வரும்போது பாலின்றி நிற்பார். தறியைப் பிரித்து விறகாக்கியவர், பாவு வரும்போது கூலியாளாய் நிற்பார். 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப்பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. அவ்விடைவெளியில் வேலைக்குச் சென்று, பின் பள்ளி திரும்பாத சிறுவனின் இழப்பு அவன் வாழ்நாள் முழுதும் தொடரும்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நாம் கூறோம். 1930-களில் இல்லாத நியாயவிலைக் கடை 2020-இல் இருந்தது. அடுப்பு அணையாமல் காத்தது. அக்கடைகளில் மிகப் பலவற்றை நடத்துபவை கூட்டுறவுச் சங்கங்களே என்பதில் நாம் பெருமை கொள்ளலாம். 2021 பிப்ரவரியில், கூட்டுறவு நிறுவனங்களில் 16.43 இலட்சம் விவசாயிகள் பெற்றிருந்த 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க்கடன் தள்ளுபடி செய்யப்படுவதாகத் தமிழக அரசு அறிவித்தது. இவை பேருதவிகளே. ஆயினும் தள்ளுபடி, சங்கத்தில் பட்ட கடனைத்தான் தீர்க்கும். கந்துவட்டிக்காரரிடம் பட்ட கடனைத் தீர்க்காது. விற்ற மாட்டையும் திருப்பித் தராது.

ஆதலின், விற்கும் நிலை வராமல் தடுப்பதே சங்கத்தின் தலையாய கடமை. அதற்குச் சங்கத்திடம் முதல் வேண்டும். துணி விற்காமல் தேங்கும்போது, சங்கத்தின் முதல் யாவும் அத்துணியிலேயே முடங்கிவிடுகிறது. நூல் வாங்கப் பணமின்றிப் பாவு நிற்கிறது. ஒதுக்கு நிதி உடைய சங்கமோ, தேக்கத்தைத் தாங்கிக்கொண்டு மேலும் சில திங்கள் பாவு கொடுக்க வல்லது. நகையீட்டுக் கடனும் கறவை மாட்டுத் தீவனக் கடனும் உரிய நேரத்தில் கிடைப்பின், நகையும் மாடும் வீட்டிற்கே மீளும்.

இங்கேதான் அங்கத்தினரிடம் ஒன்றை வெளிப்படையாகக் கூற விரும்புகிறோம். இலாபம் வந்த ஆண்டில், சட்டம் விதித்த அளவை மட்டும் ஒதுக்கிவிட்டு எஞ்சியதைப் பங்காதாயமாகப் பிரித்துக்கொள்ளும் வழக்கம் பல சங்கங்களில் உண்டு. விலை ஏறியபோது வெளி வியாபாரிக்கு விற்றுவிட்டு, விலை இறங்கியபோது மட்டும் சங்கத்தின் வாயிலை நாடும் அங்கத்தினரும் உளர். மழைக்காலத்தில் தேடும் குடையை வெயிற்காலத்தில் விற்றுவிடுவது அறிவுடைமையாகுமா?

“நாளைக் கஞ்சிக்கே வழியில்லாதவர் எங்ஙனம் சேமிப்பது?” என்று வினவலாம். நியாயமான வினாவே. ஆனால் கூலியிலேயே சிறிது சிறிதாகப் பிடித்தால் சேமிப்பு சுமையாவதில்லை. 1975-இல் தொடங்கிய கூட்டுறவு நெசவாளர் சேமிப்புப் பாதுகாப்புத் திட்டத்தில், கூலி ரூபாய் ஒன்றுக்கு நெசவாளர் 8 காசும் அரசு 4 காசும் செலுத்தும் முறை நெடுங்காலம் நடந்து பயன் தந்துள்ளது. உழவர் சங்கங்களிலும், விளைபொருள் விற்ற தொகையில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ பிடித்து மந்தகால நிதியாகத் தனியே வைப்பது இயலாத காரியமன்று.

மந்தத்திற்குப் பின் வாழ்க்கைத் தரம் தாழுமா என்ற கேள்விக்கு நம் விடை இதுவே: தனித்து நிற்கும் குடும்பத்திற்குத் தாழும், பல ஆண்டுகள் தாழ்ந்தே கிடக்கும். நல்ல காலத்திலேயே சேர்த்து வைத்த சங்கத்தின் அங்கத்தினருக்கு அங்ஙனம் தாழ வேண்டியதில்லை. அடுத்த ஆண்டுப் பொதுக்குழுவில் பங்காதாயம் பற்றிய தீர்மானம் வரும்போது, கையை உயர்த்தும் முன் ஒவ்வொருவரும் தம் தறியையும் தொழுவத்தையும் ஒரு கணம் எண்ணிப் பார்ப்பாராக. பங்காதாயத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க நாம் துணிவோமாயின், அடுத்த மந்தம் வரும் நாளில் நம் தறிகள் நிற்கமாட்டா.