ஓடைக் கல்லின் அடியில்

தாண்டிக்குடியின் காப்பித் தோட்டங்களுக்கு ஊடே இறங்கிவரும் ஓடைகளில் ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? நீர் மொள்ளவும் துணி துவைக்கவும் இறங்குகிறோம். கல்லின் அடிப்புறத்தை நோக்குவதில்லை. ஆயினும், ஓடையின் நலத்தை அறிய விரும்புகிறவர் முதலில் பார்க்கவேண்டிய இடம் அதுவே.

அங்கே வாழும் உயிர்கள் பல. ‘மே ஈ’ என்று வழங்கும் பூச்சி தன் இளமை முழுவதையும் நீருக்குள் கழிக்கிறது. சிறகு பெற்று வெளிவந்தபின் உண்ணாமலே ஓரிரு நாள்களில் மடிகிறது. ‘கேடிஸ்’ ஈயின் புழுக்களில் பல, மணலையும் இலைத் துணுக்குகளையும் தம் பட்டிழையால் ஒட்டித் தமக்கென ஒரு கூடு கட்டிக்கொள்கின்றன. கைதேர்ந்த கொத்தனாரும் வியக்கும் வேலை அது! தும்பியின் குஞ்சுகளும் அங்கேதான் இரைதேடி வளர்கின்றன.

இவற்றின் வாழ்வு கரையில் நிற்கும் மரங்களைச் சார்ந்தது. உதிரும் இலையே பல பூச்சிகளுக்கு உணவு. நிழல் நீரைக் குளிரச் செய்கிறது. குளிர்ந்த நீரில் பிராணவாயு மிகுதியாகக் கரைந்திருக்கும். வேர்கள் மண்ணைப் பிடித்து நிறுத்துகின்றன. மரங்களை வெட்டிக் கரைவரை கொத்திவிட்டாலோ, மழைக்குக் கரைந்த மண் கற்களின் இடுக்குகளை அடைத்துவிடுகிறது. பூச்சிக்கு வீடும் இல்லை, மூச்சும் இல்லை. காப்பிப் பழத்தின் தோல் உரித்த கழிவுநீரை அப்படியே ஓடையில் விட்டால், அது அழுகும்போது பிராணவாயுவை உறிஞ்சிக்கொள்கிறது. அந்நிலையிலும் பிழைக்கவல்லவை சிவந்த சிறு புழுக்களே. எஞ்சிய வகைகள் அகன்றுவிடும்.

அப்படியானால் மனிதன் பயிர் செய்வதே குற்றமா? இதற்கு விடை தேட, மேற்குத் தொடர்ச்சி மலையின் நடுப்பகுதிக்குச் சற்றே செல்வோம். கர்நாடகத்துக் குதிரேமுக தேசியப் பூங்காவின் ஓடைகளை கே. ஏ. சுப்பிரமணியன், கே. ஜி. சிவராமகிருஷ்ணன், மாதவ் காட்கில் ஆகிய மூவர் ஆராய்ந்து, தம் முடிவுகளை 2005-இல் வெளியிட்டனர். கரையில் ஓரளவு பசுமைமாறாக் காடு நின்ற ஓடைகளிலேயே பூச்சி வகைகள் மிகுதி. புதர் மண்டிய கரைகளிலும், இரும்புத்தாது தோண்டிய இடங்களிலும் மிகக் குறைவு. இதில் வியப்பில்லை. வியப்பு வேறிடத்தில் இருக்கிறது: வீடுகளும் பாக்குத் தோப்புகளும் அமைந்த ஓடைகளில், முழுப் பசுமைமாறாக் காட்டு ஓடைகளைக் காட்டிலும் அதிக வகைகள் காணப்பட்டன! இயற்கைப் புல்வெளி ஓடைகளிலோ வகைகள் குறைவாகவே இருந்தன. அங்கு வாழும் கூட்டமும் நெல்வயல் ஓடைகளின் கூட்டத்தை ஒத்திருந்தது.

ஆகவே வெறும் எண்ணிக்கையைக் கொண்டு ஓர் ஓடைக்குத் தீர்ப்பிடுவது அவசரம். புல்வெளியில் பூச்சி குறைவது ஓடையின் நோயன்று, அதன் இயல்பு. ஆனால் நிழலில் பழகிய ஓடையின் கரையை மொட்டையாக்குவது அதன் இயல்பையே மாற்றுவதாகும். உழவனின் கை பட்டதாலேயே ஓடை கெடுவதில்லை. அவன் கரையில் எதை விட்டுவைக்கிறான் என்பதே கேள்வி.

நம் மலைத்தோட்டக்காரர்களுக்கு இது ஆறுதலாகும். பலாவும் முள்முருங்கையும் காட்டு மரங்களும் கலந்து நிழல் தரும் காப்பித் தோட்டம் காட்டுக்கு வெகுதூரத்தில் இல்லை. அம்மரங்களை நீக்கி, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக்கை மட்டுமே வரிசையாக நடும் வழக்கத்தைத்தான் நான் ஐயத்தோடு நோக்குகிறேன். மிளகுக் கொடி ஏற உதவும். வெட்டினால் காசும் ஆகும். கடன்பட்ட குடும்பத்துக்கு அது சிறிய காரியமன்று. ஆனால் ஓடைக்கரையில் மட்டுமாவது பழைய மரங்களுக்குச் சில வரிசை இடத்தை விட்டுக்கொடுத்தால் என்ன? பழக்கழிவு நீரை ஒரு குழியில் தேக்கி வைக்கலாமே! பூச்சிமருந்து தெளித்த கலத்தை ஓடையில் கழுவாமலும் இருக்கலாம். சில மருந்துகள் துளியளவே கலந்தாலும் நீர்ப்பூச்சிகளைக் கொன்றுவிடும்.

தாண்டிக்குடி, பண்ணைக்காடு மலைகளில் பெய்யும் மழைநீர் அய்யம்பாளையத்தருகே மருதாநதி அணையில் சேர்ந்து, பின்னர் வைகையை நோக்கிப் போகிறது. கீழே அந்நீரை எதிர்பார்த்து வயல்களும் வீடுகளும் இருக்கின்றன.